ரீவேர்க் ஸ்டேஷன் வாங்கப் போன சனிக்கிழமை

மொன்றியல்,
2008 பங்குனி

அன்பு மகள் அனிற்றா,

நேற்று நீ ஒட்டாவாவிலிருந்து போன் எடுத்து ஒரேயொரு கேள்விதான் கேட்டாய். "அம்மா, ஸ்டேஷன் வாங்கியாச்சோ? எது வாங்கினீங்கள்?" நான் "வாங்கியாச்சு, பேந்து சொல்லுறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ பயந்திருப்பாய். நானும் உன் வருங்கால மாப்பிள்ளை சுதனும் சண்டை பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாய்த் திரும்பி வந்திருப்போம் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. போனில் சொல்லி முடிகிற கதையாக அது இருக்கவில்லை, அவ்வளவுதான். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் சுதனைக் கேள். அவரைப் பற்றி எழுதியிருக்கிற இடங்களில் கேட்டால் வெட்கப்படுவார், அதையும் இருந்து பார்.

இன்னும் ஐந்து கிழமையில் உனக்குக் கலியாணம். கலியாணப் பரிசாக நகை வேண்டாம், நாங்கள் திறக்கப்போகிற திருத்துகிற கடைக்கு ஒரு ரீவேர்க் ஸ்டேஷன் வாங்கித் தாங்கோ என்று நீ கேட்டபோது உன் சின்னம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். அவளுக்கு நான் விளங்கப்படுத்தினேன்: போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் போர்ட் என்று ஒரு பச்சைத் தகடு இருக்கும், அதன் மேல் நுளம்பு அளவிலும் தீப்பெட்டி அளவிலும் சிப்புகள் ஒட்டியிருக்கும், ஒன்று பழுதானால் பக்கத்தில் இருக்கிறதைச் சுடாமல் அதை மட்டும் சூடுகாற்றால் இளக்கிக் கழற்றிவிட்டுப் புதிசை ஒட்டவேண்டும், அதற்கான மெஷின்தான் இது என்று. எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்ப தலை காய வைக்கிற மெஷின்தானே அக்கா, என்னட்டை ரெண்டு கிடக்கு" என்றாள். அப்பா சிரித்துச் சிரித்துச் சாப்பாட்டு மேசையை விட்டே எழும்பிப் போய்விட்டார்.

நீ செய்த சூழ்ச்சியும் எனக்கு விளங்காமலில்லை, பிள்ளை. ஒட்டாவாவில் இரண்டு கிழமைப் பயிற்சி என்பது உண்மை. லொங்குய்யில் கடை சித்திரையில் திறக்கவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் "அம்மா, உங்களை விட்டால் ஆருக்குத் தெரியும், நீங்களும் சுதனும் போய்ப் பாத்து வாங்குங்கோ" என்று நீ சொன்ன குரல் இருக்கிறதே, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிற குரல் அது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு காருக்குள் அடைத்துவிடவேண்டும் என்பதுதான் உன் திட்டம். நல்லாய்த்தான் செய்தாய்.

ஐப்பசியில் எங்கள் வீட்டு மேசையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் இதுவரை உன்னோடு கதைக்கவில்லை. சுதன் நல்ல அலுவலக வேலையை விட்டுவிட்டு உன்னோடு சேர்ந்து திருத்துகிற கடை போடப் போகிறார் என்று சொன்ன நாள். அவர்கள் கோயிலுக்குப் போகிற ஆக்கள், நாங்கள் சேர்ச்சுக்குப் போகிற ஆக்கள், அதற்காகத்தான் நான் முகத்தைத் திருப்பினேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது இல்லை. மாதம் முடிய வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு வருகிற ஒருவரிடம் பிள்ளையைக் கொடுக்கிறோமே என்கிற பயம். பயம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். "மற்றவையின்ரை பழுதைத் திருத்தித்தான் என்ரை பிள்ளையை வைச்சுப் பாக்கப் போறீரோ?" என்று கேட்டேன். அவர் சோற்றுக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு, "ஓம் அன்ரி, நீங்கள் அவவை வளத்த மாதிரித்தான்" என்றார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினாறு வருசம் புவாண்ட்-கிளேர் தொழிற்சாலையில் பழுதான போர்ட் திருத்தி உன்னைப் படிப்பித்தவள் நான். எனக்கு அன்றைக்கு அந்தக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு அவர் வந்தால் நான் குசினிக்குள் நின்றுகொள்வேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்த ஐந்து மாதத்துக்கும் என்னை மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுதன் காரோடு வந்து வாசலில் நின்றார். இந்த வருசத்துச் சினோப்பனி உனக்குத் தெரியும்தானே, காரின் கதவைத் திறக்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் மதில் மாதிரிக் குவிந்து கிடந்தது. அவர் இறங்கி வந்து சப்பாத்துக்காலால் மிதித்து மிதித்து எனக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தார். "போன்ஜூர் அன்ரி." "ம், வாரும்." அதோடு கதை முடிந்தது. புவாண்ட்-கிளேர் வரைக்கும் ரேடியோவில் பிரெஞ்சில் காலநிலை சொன்னார்கள், நாங்கள் இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு போனோம்.

கடை ஒரு பெரிய பண்டகசாலையின் பின்பக்கம். கடைக்காரர் ழில் என்று ஒரு வயதான உயர்ந்த மனுசன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர். ஸ்டேஷன் விற்பார், பின்னுக்கு ஒரு மேசை போட்டுத் திருத்தவும் எடுப்பார். பார்த்து எடுக்க மூன்று ஸ்டேஷன் மின்சாரம் கொடுத்து வைத்திருந்தார். ஒன்று பெரிசு, திரையும் கமராவும் பூட்டியது, விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி. ஒன்று சின்னது, பொம்மை மாதிரி லேசு. மற்றது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, ஒரு கைபிடி, இரண்டு திருகு, அதற்குப் பக்கத்தில் அடியிலிருந்து சூடு கொடுக்கிற ஒரு தட்டு. அவ்வளவுதான்.

சுதன் இன்டர்நெட்டிலிருந்து எடுத்த எட்டுப் பக்கக் கடதாசியோடு வந்திருந்தார். எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் கோடு. "அன்ரி, கேம் மெஷின் திருத்தவும் ஆக்கள் வருவினம். அதிலை சிப்புக்கு அடியிலைதான் ஒட்டுற சோல்டர் எல்லாம். இந்தப் பெரிசு எண்டால் தானாச் செய்யும்." நான் சொன்னேன், "தானாச் செய்யிறது தானாச் சுடவும் செய்யும்." இப்படித் தொடங்கினோம். ழில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமியாரும் மருமகனுமா என்று பிரெஞ்சில் கேட்டார். இன்னும் ஐந்து கிழமை இருக்கு என்று சுதன் சொன்னார். அந்த மனுசன் "போன் ஷான்ஸ்" என்று நல்லதிர்ஷ்டம் வாழ்த்தி அவருடைய தோளில் தட்டினார்.

நான் என்ரை கைப்பையைத் திறந்து, செபமாலைக்கும் இருமல் இனிப்புக்கும் நடுவிலிருந்து சூடு அளக்கிற மீட்டரை எடுத்தேன். நுனியில் மெல்லிய கம்பி உள்ளது, நீ கண்டிருக்கிறாய். சுதன் அதைப் பார்த்த பார்வையில்தான் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது. ஸ்டேஷன் வாங்குகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு சூடு போகும் என்று கேட்பார்கள். அது பெரிய விசயமில்லை. திரையில் முன்னூறு என்று எழுதியிருந்தால் நுனியில் முன்னூறு இருக்கிறதா, காற்றைக் குறைத்தாலும் கூட்டினாலும் அது அப்படியே நிற்கிறதா, இதுதான் கேள்வி. அந்தச் சின்னது காற்றைக் குறைத்த உடனே நாற்பது பாகை ஏறிவிட்டது. திரையோ ஒன்றும் நடக்காத மாதிரி முன்னூறிலேயே நின்றது. அதை அப்பால் தள்ளிவிட்டோம். பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்துக் காற்றின் கீழ் பிடித்துக் காட்டினேன். சூடு சீராக வந்தால் கடதாசி வட்டமாகப் பழுக்கும், சீரில்லாவிட்டால் ஒரு பக்கம் கருகும். சாம்பல் பெட்டியில் வட்டமாய்ப் பழுத்தது. பெரிசிலும் நல்லாய்த்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதன் சூடாக்கி பழுதானால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு கிழமை எடுக்கும் என்று ழில் சொன்னார். சாம்பல் பெட்டியின் சூடாக்கி அவருடைய மேசை லாச்சியிலேயே கிடந்தது.

அடித்தட்டைப் பற்றியும் எழுதவேண்டும். இரண்டு வருசமாய் ஈயம் கலக்காத சோல்டர்தானே எல்லா இடமும் வருகிறது, அது இளகக் கூடச் சூடு வேணும். மேலிருந்து மட்டும் ஊதினால் போர்ட் வளைந்துபோகும். மாரிக் குளிரில் கராஜுக்கு வெளியே நின்ற காரை எடுத்த உடனே நெடுஞ்சாலையில் மிதிக்கிற மாதிரித்தான். கீழேயிருந்து மெல்லமாய்ச் சூடாக்கிக்கொண்டு, மேலே கடைசிக் கொஞ்சத்தை மட்டும் கொடுக்கவேண்டும். இதைச் சுதனுக்கு நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கொஞ்சம் சூடாகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

இனி நடந்ததில் பாதி என் பிழை. சும்மா கழற்றிப் பார்க்கப் பழைய போர்ட்டுகள் நீலத் தட்டில் இருக்கின்றன என்று ழில் கையைக் காட்டிவிட்டு, போன் வந்து முன்பக்கம் போய்விட்டார். நீலத் தட்டுக்குப் பக்கத்தில் கறுப்புத் தட்டு ஒன்றும் இருந்தது. நான் சுதனின் காதுக்குப் பக்கத்தில் நின்று, "உம்மடை பெரிசிலை ஒரு சிப்பைக் கழட்டிக் காட்டும் பாப்பம், கெதியா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ஒரு போர்ட்டை எடுத்தார், பிடிக்குள் பூட்டினார், சூட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் எட்டெட்டுக் காலுள்ள ஒரு சிப். நான் "இளகினது காணும், இழும்" என்றேன். அவர் இழுத்தார். ஒரு பக்கம் இன்னும் இளகவில்லை. சிப்போடு சேர்ந்து அதன் கால் குந்தியிருந்த செப்புப் பொட்டுகளில் இரண்டு உரிந்துகொண்டு வந்துவிட்டது. பரவாயில்லை, குப்பைப் போர்ட்தானே என்று நான் அதைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. ஒரு மடாமின் பெயர், அதற்குக் கீழே பிரெஞ்சில்: சக்கர நாற்காலி, சனி மூன்று மணி.

நான் எட்டிப் பார்த்தேன். ழில் முன்பக்கம் போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. அனிற்றா, அந்த இடத்தில் உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சத்தம் போடாமல் சிப்பை மேலை வைச்சிட்டு, தட்டிலை போடும். ஆரும் காணேல்லை." என் வாயால்தான் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயதில். சுதன் என்னைப் பார்த்தார். கோபமில்லை, கேவலமாகவும் பார்க்கவில்லை. "அன்ரி, அதிலை ஒரு மனிசி இருந்து ஓடவேணும்" என்றார். போர்ட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்பக்கம் நடந்து போனார். "மிஸ்யூ, இது நான் செய்த பிழை. தட்டு மாறி எடுத்திட்டன்" என்று அவர் பிரெஞ்சில் சொல்வது எனக்குக் கேட்டது. நச்சரித்த அன்ரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஏன் எனக்கு வாயில் அப்படி வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். உன் பள்ளிக்கூடப் படிப்பு முடிந்த நடன விருந்துக்கு ஊதாச் சட்டை தைத்துத் தந்த, நீ பிரெஞ்சில் மாமி என்று கூப்பிடுகிற தாந்த் மரியை உனக்குத் தெரியும். ஹெயிட்டியிலிருந்து வந்தவள், என்னோடு தொழிற்சாலையில் அடுத்த மேசையில் இருந்தவள். அவளோடு எனக்கு எப்படி இவ்வளவு ஒட்டு வந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் "சேர்ந்து வேலை செய்தனாங்கள்" என்று சொல்லிவிடுவேன். இரண்டாயிரமாம் ஆண்டு, வேலை மலைபோல வந்து குவிந்த காலம். ஒருநாள் நான் ஒரு பெரிய போர்ட்டைக் கருக்கிவிட்டேன். விலை கூடின சாமான். பயத்தில் அதைக் கொண்டுபோய் மரியின் அடுக்குக்குள் சொருகிவிட்டேன். அடுத்த நாள் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். அவள் தான் தொடவே இல்லை என்றாள், ஒருவரும் நம்பவில்லை. திருத்துகிற மேசையிலிருந்து தூக்கிப் பெட்டி கட்டுகிற இடத்தில் விட்டார்கள். ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் பெட்டிகளைத் தாண்டிப் போகும்போது அவள் என்னை மறித்து, "உன் மகளின் கணக்குப் பரீட்சை என்ன மாதிரி?" என்று கேட்டாள். உன் பரீட்சையை நினைவு வைத்திருந்தாள், பிள்ளை. நான் நேரே மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் ஸ்டேஷனை அளந்து பார்த்தார். திரையில் எழுதியிருந்ததை விட ஐம்பது பாகை கூடச் சுட்டுக்கொண்டிருந்தது. "போர்ட் உன் பிழை இல்லை. இந்த ஒன்பது நாளும் உன் பிழை" என்றார். மரி மேசைக்குத் திரும்பி வந்தாள், ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் எனக்கு முன்னால் வந்து இருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, என் பக்கம் தள்ளி, "அந்த மீன் பொரியலில் ஒன்று இதில் வை" என்றாள். வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அவள் மீனைச் சாப்பிட்டுக்கொண்டே "இதில் உப்புக் காணாது" என்றாள். அடுத்த கிழமைதான் நான் சொந்தமாய் மீட்டர் வாங்கினேன். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல எனக்கு எட்டு வருசம் எடுத்திருக்கிறது.

ழில் போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இன்னொருமுறை பார்த்தார். கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அது அந்த மடாமின் நாற்காலியை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் போர்ட், திருத்தி முடித்து வைத்தது, மூன்று கிழமையாய் அவள் வீட்டுக்குள் இருக்கிறாள், இன்றைக்குத்தான் வாகனம் பிடித்து இரவல் நாற்காலியில் வருகிறாள் என்றார். திருத்துகிற பையனுக்குச் சனிக்கிழமை லீவு. தன் கையை நீட்டிக் காட்டினார், அது மெல்லமாய் நடுங்கிக்கொண்டிருந்தது. நேரம் பன்னிரண்டரை.

"நான் செய்யிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. இந்தமுறை வாய் சரியாய்த்தான் முந்தியது.

தொழிற்சாலை மூடி இரண்டு வருசம். அதற்குப் பிறகு நான் உடுப்புப் பண்டகசாலையில் விலைத்துண்டு குத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். உரிந்துபோன பொட்டுக்குப் பதிலாக, தலைமயிர் மொத்தத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சிப்பின் காலிலிருந்து பக்கத்தில் ஓடுகிற செப்புக் கோட்டுக்கு இழுத்து ஒட்டவேண்டும். இரண்டு கம்பி. நுணுக்குக்காட்டிக்குக் கீழே கண்ணை வைத்தபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் புகார் மூட்டம். திருகைத் திருப்பினேன். பிறகு அந்தப் பச்சை நிலமும் வெள்ளிக் கோடுகளும் தெளிந்து வந்ததும், பிள்ளை, எனக்கு என் சொந்த வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருந்தது. கண்ணுக்கு வயது வந்துவிட்டது, கைக்கு இன்னும் வரவில்லை.

எந்த ஸ்டேஷன் என்று நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாகச் சாம்பல் பெட்டியின் பக்கம் போனது. கைபிடி பாரமில்லை, மணிக்கட்டு நோகாது, காற்றை மூச்சு மாதிரி மெல்லமாய் விடலாம், சிப்பு பறக்காது. சுதன் என்னைப் பார்த்தார், பிறகு தன் எட்டுப் பக்கக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அடித்தட்டைக் கொண்டுவந்து போர்ட்டின் கீழ் வைத்தார். மீட்டரின் கம்பியைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, எண்களை வாசிக்கத் தொடங்கினார். "எண்பது. தொண்ணூற்றைஞ்சு. நூற்றிப்பத்து." செய்தி வாசிக்கிற மாதிரி ஒரே குரல். நான் ஃபிளக்ஸ் பசை பூசி, சாவண இடுக்கியால் சிப்பின் வளைந்த கால்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி, இடத்தில் வைத்து, காற்றைக் கொடுத்தேன். சோல்டர் இளகிச் சிப்பு தானே தன் இடத்தில் அசைந்து குந்துகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதைப் பதினாறு வருசம் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை. முதல் கம்பியும் பிடித்தது. இரண்டாவது பிடிக்கவில்லை. ஒட்டினேன், கழன்றது. திரும்ப ஒட்டினேன், கழன்றது. மூன்றாந்தரம் கம்பியை எடுத்தேன். நேரம் இரண்டு மணி.

"அன்ரி, கையை எடுங்கோ. தேத்தண்ணி குடிப்பம்" என்றார் சுதன்.

"நேரமில்லைத் தம்பி."

"அஞ்சு நிமிசம். அம்மா இஞ்சி போட்டுத் தந்தவ."

காரிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துவந்து, ழிலுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். ழில் ஒரு மிடறு குடித்துவிட்டு இஞ்சிக் காரத்தில் இருமிய இருமலில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் அந்தப் பிள்ளைக்கு முன்னால் சிரித்தது அப்போதுதான். திரும்பி வந்து இருந்தேன். செப்புக் கோட்டின் மேல் பச்சைப் பூச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது, அதனால்தான் பிடிக்கவில்லை என்று கண்டேன். கத்தி நுனியால் சுரண்டிவிட்டு ஒட்டினேன். பிடித்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிசம் இருக்க ழில் போர்ட்டை நாற்காலியின் பெட்டிக்குள் பூட்டினார். மடாம் வந்தாள். எழுபது வயதிருக்கும், சிவப்புச் சப்பாத்து, சிவப்புத் தொப்பி, வாயில் சிவப்புப் பூச்சு, மூன்று கிழமை அடைபட்டுக் கிடந்த மனுசி கலியாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். சுதன் அவளுக்கு முன்னால் போய்க் குனிந்து, தான் செய்த பிழையையும், என்ன திருத்தியிருக்கிறது என்பதையும் முழுக்கச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "ஓடுமா?" என்றாள். அவர் என்னைக் காட்டினார். நான் "வி, மடாம்", ஓடும் என்றேன்.

தன் நாற்காலியில் மாறி இருந்து, பிடியை மெல்லமாய்த் தள்ளினாள். ஓடியது. வாசலைத் தாண்டி, கார் நிறுத்துகிற இடத்தில் உருகிக் கிடந்த சினோத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினாள். நேரே போனாள், பின்னுக்கு வந்தாள், பிறகு ஒரே இடத்தில் நின்று ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. சேறு நாலாபக்கமும் பறந்து சுதனின் நல்ல கோட்டெல்லாம் அப்பியது. அவர் விலகவில்லை, கையைத் தட்டிக்கொண்டு நின்றார். ழிலும் தட்டினார். நானும் அந்தக் குளிரில் கையுறை இல்லாமல் தட்டினேன். மடாம் என் பக்கம் வந்து நின்று, "இது முன்னை விடக் கெதியாய் ஓடுது!" என்று கத்தினாள். அது உண்மையாயிருக்க வழியில்லை, ஆனால் நான் மறுக்கவில்லை.

சாம்பல் பெட்டியையும் அடித்தட்டையும் வாங்கினோம். அதைத் தெரிவு செய்த விதம் இதுதான். கேம் மெஷின் சிப்புக்குப் பெரிசு தேவைப்பட்டால் ஒரு வருசம் போக வாங்கலாம், அதில் சுதன் சொன்னதும் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முதல் யன்னல் பக்கத்தில் புகை உறிஞ்சுகிற மெஷின் ஒன்று பூட்டுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம், என் இருமலைக் கேட்டவள் நீ.

திரும்பி வரும்போது ரேடியோ போடவில்லை. மரியின் கதையை நான் முதலில் அவருக்குத்தான் சொன்னேன், உனக்கு முதல். அதற்கும் கோபிக்காதே. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "நான் பொட்டை உரிச்சது ரெண்டு நிமிசத்திலை சொல்ல ஏலுமாயிருந்தது அன்ரி, ஏனெண்டால் பக்கத்திலை திருத்தத் தெரிஞ்ச ஒராள் நிண்டவ. உங்களுக்கு அண்டைக்குப் பக்கத்திலை ஒருத்தரும் நிக்கேல்லை" என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் தெரிவு எனக்கு விளங்கிவிட்டது, மகள். அப்பாவுக்கு அது எப்போதோ விளங்கியிருந்தது. அவர் துறைமுகத்தில் வேலை செய்த காலத்துக் கதைகளை அலுக்காமல் கேட்கிற ஒரே ஆள் சுதன்தான், அதனால்தான் அப்பாவுக்கு அவரைப் பிடித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விசயம் கேட்டார். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. கடையில் பாதி உன்னுடையது, முதலாளியைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? ஆகவே இனி வருவதை நீ ஒரு விண்ணப்பமாக வாசிக்கவேண்டும்.

மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு, லொங்குய்யில் நீங்கள் திறக்கப்போகிற கடையில் திங்கள், புதன், வெள்ளி காலை வேளைகளில் சிப்பு ஒட்டுகிற வேலைக்கு நான் வர விரும்புகிறேன். பதினாறு வருச அனுபவம் உண்டு. அதில் ஒரு பெரிய பிழை உண்டு, அதை மேலே எழுதியிருக்கிறேன். மீட்டர் சொந்தமாய் வைத்திருக்கிறேன். ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கதிரையும் நல்ல வெளிச்சமும் தரவேண்டும். ஆக்களுக்கு முன்னால் நான் உங்களைப் "பிள்ளை" என்று கூப்பிடமாட்டேன், நீங்களும் என்னை "ஐயோ அம்மா" என்று இழுக்கக்கூடாது. வாயைக் கட்டுப்படுத்த முயற்சி செய்வேன், உத்தரவாதம் தர ஏலாது. சம்பளம் உங்கள் விருப்பம், ஆனால் பேரம் பேசித்தான் ஏற்றுக்கொள்வேன். விலைத்துண்டு குத்துகிற இடத்தில் இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், ஆனபடியால் கெதியாய்ப் பதில் போடவும்.

வேலை கேட்டு எழுதுவது,
அம்மா.